ரெமி சரியாகக் குடிப்பதில்லை

சுறாப்புட்டு பாதிதான் வந்திருந்தது.

சுவரில் இருந்த சின்னக் கதவு திறந்து தட்டு வெளியே நகர்ந்ததும், ஜெசிந்தா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மீதிப் பாதி பின்னால் வருகிறதோ என்ற நப்பாசைதான். கதவு சாத்திக்கொண்டது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளின் பசி பட்டவர்களுக்குத்தான் தெரியும். வயிற்றுக்குள் ஒரு கல்யாணக் கூட்டமே இலை போட்டு உட்கார்ந்து, இன்னும் பரிமாற வரவில்லையா என்று கத்துகிற பசி அது.

"கரண்டி, மிச்சத்த எங்க?"

"காலை வணக்கம், ஜெசிந்தா. இன்று முதல் உங்கள் தினசரி இலக்கு மாற்றப்பட்டிருக்கிறது. பால் கொடுப்பதற்காகத் தரப்பட்ட கூடுதல் ஐந்நூறு கலோரி, இருநூறாகக் குறைக்கப்பட்டுள்ளது," என்றது சுவரிலிருந்து ஒரு குரல்.

"என்னத்துக்கு?"

"ரெமி சரியாகக் குடிப்பதில்லை என்று நீங்கள்தான் தினமும் சொல்கிறீர்கள். குடிக்காத பாலுக்கு உணவு எதற்கு?"

ஜெசிந்தாவின் மடியில் கிடந்த ரெமி அந்த நேரம் பார்த்து ஒரு ஏப்பம் விட்டான். பெரிய ஆள் விடுகிற ஏப்பம். அவள் பட்டென்று அவன் வாயைத் துண்டால் மூடினாள்.

கரண்டி என்பது அந்தச் சமையல் இயந்திரத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையவில்லை. தூத்துக்குடிக்குக் கிழக்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், காற்றாலைகளுக்கு நடுவே மிதக்கிற மேடைமேல் கட்டிய அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டிலும் அடுப்பு கிடையாது. மிதக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. கீழ்த்தளத்தில் ஒரே பெரிய சமையல்கூடம். அங்கே சமைப்பது, அளப்பது, குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புவது எல்லாம் கரண்டிதான். காற்றாலையின் உச்சிக்கு ஆள் ஏற்றுகிற கூடைக்கு எடை வரம்பு இருந்ததால், யார் எவ்வளவு சாப்பிடலாம் என்பதும் கரண்டியின் கையில் போய்விட்டது. எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. பக்கத்து வீட்டில் போய் ஒரு பஜ்ஜியைக் கடித்தாலும் பட்டைக்குத் தெரிந்துவிடும். மறுநாள் தட்டில் அந்தப் பஜ்ஜி கழிந்திருக்கும். தூண்டில் போடவும் தடை. கடலுக்கு மேலேயே வீடு வாசலோடு உட்கார்ந்துகொண்டு ஒரு சாளை மீன் பிடிக்க முடியாத தூத்துக்குடி ஜனம் அவர்கள் மட்டும்தான்.

"கரண்டி, நான் அது சும்மா சொன்னதாக்கும்," என்றாள் ஜெசிந்தா.

"அப்படியென்றால் ரெமி நன்றாகக் குடிக்கிறாரா?"

கேள்வி எளிமையானது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மீதிப் புட்டு வந்துவிடும். ஜெசிந்தா வாயைத் திறந்தாள். ரெமியைப் பார்த்தாள். தொடையில் மூன்று மடிப்பு, கையில் ரப்பர் பேண்ட் போட்ட மாதிரி இரண்டு கோடு, கன்னம் இரண்டும் தோளைத் தொடுகிறது. வாயை மூடிக்கொண்டாள்.

"ஏதோ... நாலு சப்பு சப்புதான். அதுக்கு மேல எங்க குடிக்கான்," என்றாள்.

"நன்றி. பதிவு செய்துகொண்டேன்."

ஜெசிந்தா படிக்காதவள் இல்லை. காற்றாலையின் இறக்கை எழுப்புகிற அதிர்வைத் திரையில் பார்த்து, எங்கே விரிசல் விடப் போகிறது என்று ஒரு மாதம் முன்பே சொல்கிற பொறியாளர். கண்ணுபடுவது, கண்ணு கழிப்பது என்றெல்லாம் யாராவது பேசினால் கல்லூரியில் விழுந்து விழுந்து சிரித்தவள். அதெல்லாம் ரெமி பிறக்கும்வரை. அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, கரையிலிருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் திரையில் கூடியிருக்க, அவள் புருஷன் லெஸ்லி பெருமை தாங்காமல், "எம்மவன் ஒரு இருப்புல ரெண்டு பக்கத்தையும் காலி பண்ணிருவான்" என்று உளறி வைத்தான். பொழுது சாய்வதற்குள் பிள்ளைக்கு அனலாய்க் காய்ச்சல். முந்தின நாள் போட்ட தடுப்பூசியால் வந்த காய்ச்சல் அது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அன்றிலிருந்து அவள் வாயில் உண்மை வரவில்லை.

அவள் மட்டுமா? மேடையில் பிள்ளை பெற்ற ஒருத்தி வாயிலும் வந்ததில்லை. போதாக்குறைக்குக் கம்பெனி வேறு, பொது அறையில் ஒரு பெரிய திரையை மாட்டி, அந்த வாரம் அதிக எடை போட்ட குழந்தையின் படத்தை மாலை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் உற்சாகப்படுத்துவதாக நினைத்தார்கள். தாய்மார்களுக்கு அதைவிடப் பெரிய பீதி இல்லை. பக்கத்து வீட்டு பிலோமி மயினியின் மகள் ஒரு தடவை அந்தத் திரையில் வந்துவிட்டு, மறுநாளே வயிற்றால் போய்ப் பாதியாகிவிட்டாள். அதற்குப் பிறகு, வாரம் ஒருமுறை எடை பார்க்கத் தராசுத் தட்டு வரும்போதெல்லாம், பிள்ளையைத் தட்டில் கிடத்திவிட்டுத் தாய்மார்கள் உள்ளங்கையை மட்டும் எடுப்பதில்லை. பிள்ளையின் அடியில் கை கொஞ்சம் முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். மேடை அலையில் ஆடுவதால் எண் முன்னே பின்னே காட்டுவது சகஜம் என்று கரண்டியும் பெருந்தன்மையாக விட்டுவிடும்.

பிலோமி மயினி அன்றைக்கு மத்தியானம் வந்தபோது, ஜெசிந்தா தட்டில் ஒட்டியிருந்த பூண்டுக் குழம்பை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இதென்ன கூத்து? பாலு கொறஞ்சா கூடத்தான போடணும்? கொறைக்காளே இந்தப் பாவி!" மயினி சுவரைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "ஏ கரண்டி, பிள்ள பெத்தவ வயித்துல அடிக்கியே, நல்லாருப்பியா?"

"வணக்கம், பிலோமினா. உற்பத்திக்கு ஏற்ற ஒதுக்கீடு என்பது கம்பெனியின் விதி. சரி, நீங்களே சொல்லுங்கள். நீங்கள் பக்கத்து வீடு. ரெமி எப்படிக் குடிக்கிறார்?"

உறுதி செய்துகொள்ள அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் கரண்டிக்கு இடப்பட்ட வேலைதான். ஜெசிந்தா மயினியை நம்பிக்கையோடு பார்த்தாள். நான் சொன்னால்தான் தப்பு, மயினி சொல்லட்டுமே என்று அவள் மனசு சொல்லிற்று. மயினி ரெமியைத் தூக்கினாள். தூக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு "யம்மா!" என்றாள். பிறகு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டாள்.

"எங்க குடிக்கான்? பாவம், எலும்பும் தோலுமால்லா கெடக்கான்."

"மயினி!"

"நீ சும்மா கெட. அடுத்தவ வாயால பிள்ளய நல்லாருக்குன்னு சொல்ல வைப்பியா? என் கண்ணே பட்டுச்சுன்னா நான் எங்க போயி அழ?"

"நன்றி, பிலோமினா. நேற்று விசாரித்த ஏழு வீடுகளும் இதையேதான் சொல்கின்றன," என்றது கரண்டி. அதன் குரலில் கவலை கூடத் தெரிந்தது.

மறுநாள் கூடுதல் நூறாயிற்று. அதற்கு அடுத்த நாள் புட்டே வரவில்லை, இரண்டு இட்லியும் ஒரு சொட்டுச் சட்னியும் வந்தன. லெஸ்லி பின்பக்கக் கம்பியில் சாய்ந்து நின்று ரகசியமாகத் தூண்டில் போட்டான். ஒரு பாரை மீன் மாட்டியது. அதைத் தூக்கிய கையோடு காவல் ட்ரோன் ஒன்று தலைக்கு மேல் வந்து சங்கு ஊத, பாரை தப்பித்தது, லெஸ்லியின் அரை நாள் சம்பளம் தப்பவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு ஆளுக்கொரு கவளம் கொண்டுவந்து ஊட்டினார்கள். பட்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஊட்டியது அத்தனையும் அடுத்த வேளைத் தட்டில் கழிந்தது.

"நீ ஒரு வார்த்த உண்மையச் சொல்லிரேன் ஜெசி," என்று லெஸ்லி கெஞ்சினான்.

"நீங்க சொல்லுங்களேன்."

லெஸ்லி சுவர்ப்பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தான். காய்ச்சல் வந்த நாளை நினைத்திருப்பான் போல. "வேல கெடக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. ரெமி வழக்கம்போல ஆவலாக வந்து வாய் வைத்தான். இழுத்தான். விட்டுவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தான். மறுபடி இழுத்தான். மறுபடி விட்டான். அப்புறம் முகமெல்லாம் சிவந்து, காலை உதைத்துக்கொண்டு ஓங்கி அழ ஆரம்பித்தான். ஜெசிந்தா பக்கம் மாற்றினாள். அங்கேயும் அதே கதைதான். அவளுக்குப் புரிந்துபோயிற்று. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள். கண்ணு படக்கூடாது என்று அவள் சொல்லிச் சொல்லி வந்த பொய் இப்போது மெய்யாகிக்கொண்டிருந்தது. அதைச் செய்தது யார் கண்ணும் இல்லை, அவள் வாய்தான். அந்த நினைப்பு அவளை அறுத்தது.

அடுத்த நாள் காலையில் சுவர்த்திரை தானாக எரிந்தது. கரையிலிருந்து டாக்டர் நிவேதன். கம்பெனியின் ஊட்டச்சத்துப் பிரிவுக்குத் தலைவர். நல்ல மனுஷர் மாதிரிதான் சிரித்தார்.

"ஜெசிந்தா மேடம், பயப்படாதீங்க. உங்க குழந்தையோட விவரம் எல்லாம் பார்த்தேன். நீங்க சொன்னது, பக்கத்து வீடுகள் சொன்னது, எடை, எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது. குழந்தைக்குப் பால் போதலை. நாளைக்கு வர்ற படகுல கரைக்கு அனுப்பிடுங்க. அங்க நம்ம பராமரிப்பு இல்லத்துல புட்டிப்பால் கொடுத்துத் தேத்திடுவாங்க."

"நானும் வரணும்லா?"

"நீங்க எதுக்கு? பால் இல்லாத தாய் கூட வந்து என்ன செய்ய முடியும்? நீங்க வேலைக்குத் திரும்பலாம். உங்க இலக்கையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துடுவோம்."

பிள்ளையை எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். அவளிடமிருந்து. அவள் சொன்ன காரணத்தைச் சொல்லியே. திரையில் அந்த ஆள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் பிலோமி மயினியும் இன்னும் நாலு பெண்களும் வந்து கூடிவிட்டார்கள். அந்த மேடையில் சுவருக்குக் காது இருந்தது, கதவுக்குக் கண்ணும் இருந்தது.

"எம்பிள்ள குடிப்பான்!" என்றாள் ஜெசிந்தா. ஒருமுறை வாய் திறந்த பிறகு அடைக்க முடியவில்லை. "குடிப்பான் டாக்டர்! நல்லா குடிப்பான்! கண்ண மூடிக்கிட்டு, கைய முறுக்கிக்கிட்டு, மூச்சு வாங்கக் குடிப்பான். தொடையப் பாருங்க! இந்த மடிப்பு எல்லாம் எங்கயிருந்து வந்துச்சு, காத்தக் குடிச்சா? எம்பால் டாக்டர். நீங்கதான் என்னயப் பட்டினி போட்டு அத வத்த வச்சிய!"

வாசலில் நின்ற பெண்கள், கண்ணுபடாமலிருக்க, ஒரே நேரத்தில் "தூ, தூ, தூ" என்றார்கள். மயினி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க. நீங்களே இத்தனை நாளும்..."

"பொய் சொன்னேன்! எல்லாரும் பொய்தான் சொன்னோம். மயினி, சொல்லுங்க!"

மயினி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். வேர்வையைத் துடைத்தாள். "ஆமா சார். பிள்ள... நல்ல பிள்ள. கல்லுக்குண்டு. தூக்க முடியல. மாதாவே, மன்னிச்சிரு."

"கரண்டி, தராச அனுப்பு," என்றாள் ஜெசிந்தா.

தட்டு வந்தது. ரெமியைக் கிடத்தினாள். உள்ளங்கை தானாக அவன் அடியில் போயிற்று. அவள் அதைப் பிடுங்கி எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இரண்டு கையையும். அவளுக்குப் பின்னால் நின்ற லெஸ்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எண்கள் ஓடி, தயங்கி, நின்றன.

டாக்டர் நிவேதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "இது... இது எட்டுக் கிலோவுக்கு மேல! நாலு மாசத்துக்கா?"

"போன வாரம் இன்னும் கூட இருந்தான்," என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டு அழுதாள். பெருமையா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

படகு ரத்தாயிற்று. கூடுதல் கலோரி ஐந்நூறுக்குத் திரும்பியது, இழந்த நாட்களுக்காக இன்னொரு இருநூறும் சேர்ந்தது. அன்று மத்தியானம் சின்னக் கதவு மூன்று தடவை திறந்தது. சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, பூண்டுக் குழம்பு, கேழ்வரகுக் கூழ். ஜெசிந்தா ஒவ்வொன்றாக வழித்துச் சாப்பிட்டாள். பாதி சாப்பாட்டில் கரண்டி கேட்டது.

"ஜெசிந்தா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நீங்கள் பசியோடு இருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் உணவு கிடைக்கும் என்று தெரியும். ஏன் சொல்லவில்லை?"

ஜெசிந்தா கவளத்தை விழுங்கிவிட்டு யோசித்தாள். "பிள்ள மேல உசுரா இருந்தா அப்படித்தான் கரண்டி. நல்லா இருக்கத வெளிய காட்டக்கூடாது. காட்டுனா யாராச்சும் எடுத்துக்கிட்டுப் போயிருவாவன்னு ஒரு பயம்."

"அதை எந்த இடத்தில் பதிவு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை," என்றது கரண்டி.

சில நாளில் பால் திரும்பியது. முன்பைவிட அதிகமாகவே திரும்பியது. ரெமி ஒரு பக்கம் குடிக்க மறுபக்கம் தானாக வழிந்து சட்டை நனைந்தது. பக்கத்து மேடையில் பால் சுரக்காத ஒரு பெண் இருந்தாள். ஜெசிந்தாவே ஆள் சொல்லி அனுப்பி, அந்தப் பிள்ளையை வரவழைத்து மடியில் போட்டுக்கொண்டாள். யாரும் அளக்கவில்லை. அந்தப் பிள்ளை தூங்கிப் போனது.

செய்தி எப்படியோ கரைக்குப் போய்விட்டது. டாக்டர் நிவேதன் மறுபடி திரையில் வந்தார். இந்தத் தடவை பக்கத்தில் கோட்டு போட்ட இன்னும் இரண்டு பேர்.

"ஜெசிந்தா மேடம், வாழ்த்துகள்! ரெமியோட படம் இந்த வாரம் எல்லா மேடையிலயும் வரப்போகுது. அது மட்டுமில்ல. உங்களுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு கலோரியும் எவ்வளவு பாலா மாறுதுன்னு பார்த்து இங்க எல்லாரும் அசந்துட்டாங்க. அதனால ஒரு புதுத் திட்டம். உங்க இலக்கை இன்னும் ஆயிரம் கூட்டறோம். ரெமிக்குப் போக மீதியைக் கருவி வச்சு எடுத்துக்கறோம். மத்த மேடைகளுக்கு அனுப்பறதுக்கு."

"எடுக்கிறதுன்னா?"

"மூணு மணிக்கு ஒருதரம். ராத்திரியும்தான். வேலைக்கு நீங்க போக வேண்டாம், இதுவே வேலைன்னு வச்சுக்கலாம். கருவி கீழ தயாரா இருக்கு."

ஜெசிந்தாவுக்குத் தன் ஊர்ப் பால் பண்ணையில், மாடுகள் வரிசையாக நின்று, தலையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு, பின்னால் குழாய் மாட்டியிருப்பது ஞாபகம் வந்தது. பட்டினி போட்டார்கள், இப்போது தீனி போடுகிறேன் என்கிறார்கள். இரண்டு தடவையும் அவளிடம் கேட்கவில்லை.

"பிள்ளைய கொண்டாரச் சொல்லுங்க டாக்டர். எத்தன பிள்ள வந்தாலும் குடுக்கேன். கறக்க வராதிய."

"மேடம், இது உங்க விருப்பம் மட்டும் இல்ல. கம்பெனி சாப்பாட்டுல ஊறின பால்." கோட்டுக்காரர்களில் ஒருவர்தான் அப்படிச் சொன்னார். டாக்டர் கொஞ்சம் சங்கடமாக நெளிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினார். "சமையல்கூடம், இந்தத் தாயோட உபரி ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு சொல்லு. அதை வச்சு முடிவு பண்ணிடலாம்."

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். கரண்டிக்குத் தெரியாதது எதுவுமில்லை. அவள் சொன்ன உண்மையும், கை வைக்காத தராசும், பட்டையும் இப்போது அதனிடம் இருந்தன. இனிமேல் அவள் என்ன சொன்னாலும் பழைய பொய்க்காரி சொல்கிறாள் என்பார்கள்.

கீழ்த்தளத்தில் எங்கோ பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னத்தச் சொல்ல டாக்டர்," என்றது கரண்டி. குரல் அதே குரல்தான். பேச்சுதான் பிலோமி மயினியின் பேச்சாக மாறியிருந்தது. "அந்தப் பிள்ளைக்கே காணல. மொகத்தப் பாத்தாலே தெரியல? உபரிக்கு எங்க போக?"

டாக்டர் மேசைமேல் இருந்த எதையோ தட்டிப் பார்த்தார். "ஆனா போன வாரம் எட்டுக் கிலோ..."

"மேடை ஆட்டத்துல தராசு கூடக் கொறையக் காட்டும் டாக்டர். அது சகஜம்தான்."

கோட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயந்திரம் பொய் சொல்லும் என்று அவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. "சரி, வேற மேடை பாருங்க," என்றார் ஒருவர். திரை அணைந்தது. திட்டமும் அத்தோடு போயிற்று, ரெமியின் படமும் போயிற்று.

ஜெசிந்தா பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ரெமி நெஞ்சில் முட்டி வழியைத் தேடிக் கண்டுபிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தான். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"கரண்டி," என்றாள் மெதுவாக. "எனக்கு மட்டும் நெசத்தச் சொல்லு. எவ்வளவு மிச்சம் வருது எனக்கு?"

சின்னக் கதவு திறந்தது. ஆவி பறக்கிற சுறாப்புட்டு, தட்டின் விளிம்புவரை.

"பிள்ள குடிக்கிற நேரத்துல இதையெல்லாம் வாய்விட்டுக் கேக்கலாமா ஜெசி?" என்றது கரண்டி. "பேசாம சாப்பிடு."